கசத்தில் பிடித்த விரால்

எங்கள் மதினி ஒரு பறவையைப் பார்த்தால்கூட அதை விசாரிக்கத்தான் செய்வார். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீருடையைக் கழற்றிய பிறகும் ஊரில் அவர் ஏட்டம்மாதான். அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் விவசாயம். நான் வாக்கப்பட்டுப் போனது ராஜபாளையத்துக்கு. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவேன். மதினி வாசலில் தயாராக நிற்பார். இருவரும் ஊர்க் கண்மாயைச் சுற்றி நடப்போம். கண்ணில் படுகிற பறவை, தட்டான், நத்தை எல்லாவற்றையும் பதிவு செய்வோம்.

உண்மையைச் சொன்னால், இது அண்ணனின் நிம்மதிக்காகத் தொடங்கிய காரியம். ஓய்வு பெற்ற புதிதில் மதினிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பால்காரர் ஏன் தாமதம், கேபிள்காரர் எந்த வழியாக வந்தார், தேங்காய் பறித்தவர் எத்தனை காயைப் பறித்தார் என்று ஒருவரையும் விடவில்லை. ஒருநாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போ. வயக்காட்டுக்குப் போயிட்டு வந்தா, எங்க போனீய, யாரப் பாத்தீயன்னு ஸ்டேஷன்ல உக்கார வச்சிக் கேக்குற மாதிரி கேக்கா."

அந்தச் சமயத்தில் கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க எங்களிடம் வந்தாள். கையில் ஊசி இறங்கும்போதுகூட ஜன்னல் வழியே மின்கம்பியில் இருந்த குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தேன். சுற்றுவட்டாரக் கண்மாய்களில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பொதுமக்களே பதிவு செய்கிற குழு ஒன்று இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் ஒரே கண்மாய்க்குப் போக வேண்டும். பார்த்ததை, எண்ணிக்கையோடும் இடத்தோடும், முடிந்தால் படத்தோடும் செயலியில் ஏற்ற வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். நாளைக்குக் கண்மாயைச் சீரமைக்க யாராவது வந்தால், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்ல அந்தப் பதிவு உதவும். என் பெயரையும் மதினி பெயரையும் அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.

மதினியின் முதல் பதிவு இப்படி இருந்தது: "உடம்பு மெலிவு. நிறம் மேலே கறுப்பு, கீழே வெள்ளை. கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். நிற்கும்போது வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் உடையது. கடைசியாக மடைக்கு வடக்கே நடமாடக் காணப்பட்டது." காணாமல் போனவருக்குக் கொடுக்கிற அறிவிப்பேதான். கல்லூரிப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் வெண்புருவ வாலாட்டி என்று அடுத்த நொடியே பெயரைச் சொல்லிவிட்டாள். படம் எடுத்து அனுப்புகிறவர்களே அது காக்கையா குயிலா என்று தெரியாத மாதிரி அனுப்புவார்கள். மதினிக்குப் படமே தேவைப்படவில்லை.

நான் வேறு வகை. ஆய்வகத்தில் பெயரும் நேரமும் ஒட்டாமல் ஒரு ரத்தக் குழாய் வந்தால், யார் வீட்டு ரத்தமானாலும் குப்பைக்குத்தான் போகும். 'ஏதோ ஒரு கொக்கு, கரையோரம்' என்று எவராவது குழுவில் போட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். எந்தக் கொக்கு, எந்தக் கரை என்று கேட்டு ஒரு வழி பண்ணிவிடுவேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். வீட்டில் எல்லோரும் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறார்கள்.

எங்கள் கண்மாய் மேற்கே மலையில் பெய்கிற மழையை நம்பி இருப்பது. தண்ணீர் நிற்கிற உள்வாயில் பாதியைச் சீமைக்கருவேலம் அடைத்திருந்தது. மடைக் கதவு துருப்பிடித்துப் போயிருந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கில் விரிசல். அதைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஒரு தொழிற்சாலை பணம் தருகிறது, அரசு இன்ஜினியர் மேற்பார்வை, கோடையில் பொக்லைன் இறங்கும் என்றார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். பழைய மடைக்கு முன்னால் ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. கசம் என்போம். சித்திரை வெயிலில் மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடந்தாலும் கசத்தில் தண்ணீர் கிடக்கும். கரையில் நிற்கும் வயதான நாட்டுக் கருவேல மரங்களின் வேர்கள் அதற்குள் இறங்கியிருக்கும். கண்மாய் வற்ற வற்ற மீனெல்லாம் அதற்குள் போய் ஒடுங்கும். மீனைத் தேடிப் பறவைகளும் அங்கே வந்து நிற்கும். ஐப்பசியில் புதுத்தண்ணீர் வந்ததும் அந்த மீன்தான் கண்மாய் முழுக்கப் பரவும். திட்டப்படி, கசத்துத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டு, அதையும் தோண்டிச் சமன் செய்துவிடுவார்கள். ஒரு கோடைக்கு அது காய்ந்தால் போதும், விதைக்குக்கூட நாட்டு மீன் மிஞ்சாது. அப்புறம் லாரியில் குஞ்சு வாங்கி விட வேண்டியதுதான்.

"கசம் போயிட்டா நாம வாராவாரம் சுத்தி வந்தது என்னத்துக்கு?" என்றார் மதினி. ஓய்வு பெற்ற பிறகு அவர் தன் வேலை என்று பிடித்துக்கொண்டது இந்தக் கண்மாயைத்தான். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை விடுவதாக இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்றது வேறு யாருமில்லை, அண்ணன்தான். கசத்தின் அடியில் கிடப்பது நல்ல கரம்பை மண். கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அண்ணனின் நிலத்தில் பாதி, போர்த் தண்ணீர் பாய்ச்சிப் பாய்ச்சிக் களர் பிடித்து வெள்ளை பூத்துக் கிடந்தது. அந்தப் பாதியில் கரம்பை அடித்தால்தான் இனிப் பயிர் ஏறும். கண்மாயின் மேற்குப் பக்கம் இருப்பது மணல் கலந்த வண்டல். அடித்தாலும் பெரிய பலன் இல்லை. கசத்துக் கரம்பை வேண்டும் என்று ஊரில் முதல் ஆளாகச் சொல்லி வைத்தவர் அவர். பல வருடமாகக் காத்திருந்தார். அதில் ஒரு தப்பும் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் இதே பேச்சுத்தான்.

"மீனுக்கு வீடு வேணும்னு நிக்கியே, எனக்கு வெள்ளாமை வேண்டாமா?" என்பார் அண்ணன். "நீ என்ன மீனுக்கு வக்கீலா?"

"நான் வக்கீல் இல்ல. போலீசு" என்பார் மதினி. சோறு அதன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். யாருக்குப் பரிந்து பேசுவது என்று தெரியாமல் நான் ரசத்தை ஊற்றிக்கொள்வேன்.

இன்ஜினியரைப் போய்ப் பார்த்தோம். சின்ன வயசு, மரியாதையானவர். எங்கள் பதிவுகளைக் கைப்பேசியில் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, தாழைக்கோழி, மடையான் எல்லாம் படத்தோடு இருந்தன.

"பறவை எல்லாம் நல்லாருக்கு மேடம். ஆனா பறவை இங்க இல்லன்னா அடுத்த கண்மாய்க்குப் போயிருமேன்னு மேல இருக்கிறவங்க கேப்பாங்க. கசத்தை விடணும்னா மீன் வேணும். நாட்டு மீன், அதுவும் அங்கயே இனம் பெருக்குதுன்னு படத்தோட காட்டுங்க. திங்கக்கிழமைக்குள்ள குடுத்தீங்கன்னா திட்டத்தைத் திருத்திருதேன்."

இத்தனை நாள் நடந்து, எங்கள் பதிவில் ஒரே ஒரு மீன்கூட இல்லை. தண்ணீருக்கு மேலே இருப்பதை எல்லாம் விசாரித்த மதினி, தண்ணீருக்குள்ளே இருப்பதை விசாரிக்கவே இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

அதிர்ஷ்டவசமாக, வருகிற ஞாயிறு ஊரில் மீன்பிடி நாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பெரியவர்கள் ஒரு நாள் குறிப்பார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் செய்தி போகும். காலையில் கரைமேல் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவார்கள். ஊத்தா என்கிற, அடி திறந்த கூடை, வலை, கொசுவலை, பழைய சேலை, ஏதோ ஒன்று கையில் இருக்கும். பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். ஊரே மீனைக் கையில் வைத்துக்கொண்டு நம் முன்னால் நடந்து போகப்போகிறது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எங்கே பிடித்தது என்று கேட்டுக்கொண்டால் முடிந்தது. எங்கள் திட்டம் அதுதான்.

அன்றைக்குப் பார்த்து, படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் கண்மாய்க்குப் போய்ச் சேரும்போது துண்டு வீசி நெடுநேரம் ஆகியிருந்தது. கரையேறிப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

கரையிலிருந்து ஊருக்குள் இறங்கும் பாதையின் குறுக்கே மதினி கயிறு கட்டியிருந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு, எதிரே நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு? எந்த ஊரு? யாரு கூட வந்தீய? எந்த எடத்துல பிடிச்சீய? பையைத் தொறங்க, பாப்போம்."

"நான் சும்மா வேடிக்கை பாக்க வந்தேன் ஏட்டம்மா" என்றார் அவர். கழுத்து வரை சேறு. தலையில் பாசி தொங்கியது. கையில் இருந்த பை தானாகத் துள்ளியது.

"வேடிக்கை பாத்தவருக்குச் சேறு எப்படி வந்துச்சி?"

நல்ல கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய இடம் இது இல்லை. கண்மாய் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டாயிற்று, இனி மீன் பிடித்தால் கேஸ் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு ஏற்கெனவே ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு கயிறும் மேசையும் ஏட்டம்மாவும் சேர்ந்ததும் ஜனங்கள் முடிவே கட்டிவிட்டார்கள். கயிற்றைப் பார்த்தவர்கள் அப்படியே திரும்பி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். லுங்கிக்குள் மீன், டிபன் தூக்குக்குள் மீன், டிராக்டர் டூல்பாக்ஸுக்குள் மீன். ஒருவர் ஊத்தாவைக்கூடக் கண்மாயிலேயே விட்டுவிட்டுப் போனார்.

வெயில் ஏறும்போது எங்களுக்குக் கிடைத்தது மூன்று ஜிலேபி மீன். காது மந்தமான ஒரு தாத்தா, மதினி கேட்டது என்னவென்று புரியாமல், பாவம் மீன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுப் போனவை. ஜிலேபி வெளிநாட்டிலிருந்து வந்த மீன். அதைக் காட்டினால், இதற்காகவா கசத்தை விட வேண்டும் என்று கேட்பார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தையை அளந்து பேசவில்லை. "மதினி, நீங்க மீனைப் பாக்க வந்தீயளா, திருடனைப் பிடிக்க வந்தீயளா? ஒரு சிரிப்புச் சிரிச்சிக் கேட்டா என்ன கொறஞ்சிரும்?"

மதினி கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றினார். நாற்காலியை மேசைமேல் கவிழ்த்தார். அப்புறம்தான் சொன்னார்.

"எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாது பிள்ள. தெரிஞ்சா கேக்க மாட்டேனா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சோர்வை நான் பார்த்ததில்லை. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் மேசையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தோம்.

தெரு முழுக்க மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புளியும் பூண்டும் மீனும் சேர்ந்த அந்த வாசனையில், திங்கட்கிழமைக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய அத்தாட்சி எல்லாம் சட்டி சட்டியாக வெந்துகொண்டிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று நானே ஒரு வீட்டில் நுழைந்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"இன்னைக்கு எங்க வீட்ல சாம்பார்க்கா" என்றாள் அந்த வீட்டுப் பெண். அவள் முழங்கையில் ரூபாய்க் காசு மாதிரி ஒரு செதில் ஒட்டியிருந்தது. பின்னால் பூனை ஒன்று கெளுத்தித் தலையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் ரசம் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா, இன்றைக்கு நாங்கள் விரதம் என்றார். விரதக்காரர் வீட்டு அம்மியில் மீனுக்கான மசால் அரைபட்டுக்கொண்டிருந்தது. என் பின்னால் இரண்டடி தள்ளி மதினி நின்றுகொண்டிருந்தார். யார்தான் வாயைத் திறப்பார்கள்?

பூனையிடமிருந்த தலையைப் படம் எடுத்துக் கல்லூரிப் பெண்ணுக்கு அனுப்பினேன். "அக்கா, கெளுத்திதான். ஆனா எந்தத் தண்ணியில பிடிச்சதுன்னு தெரியாம ஏத்த முடியாதே" என்று பதில் வந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெயர் ஒட்டாத குழாய். அன்றைக்கு மட்டும் அந்தச் சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து மதினி முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு மெதுவாகத் திறந்தது. அண்ணன். தலையிலிருந்து கால் வரை சேறு, தோளில் சொட்டச் சொட்ட ஒரு சாக்கு. கையெல்லாம் முள் கீறல். அவரும் மனைவி கட்டிய கயிற்றுக்குப் பயந்து கருவேலங்காட்டைச் சுற்றித்தான் வந்திருக்கிறார். அவர் மனதில் அந்த நேரம் கசமும் இல்லை, கரம்பையும் இல்லை. குழம்பு மட்டும்தான் இருந்திருக்கும்.

"ஏட்டி, புளியைக் கரை" என்று சொல்லிக்கொண்டே சாக்கைக் கவிழ்த்தார்.

முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் வந்து விழுந்தது. கூடவே நாலைந்து கெளுத்தி. விரால் நல்ல கறுப்பு, வயிறு புடைத்து மின்னியது. மதினி ஒரு விநாடி அதைப் பார்த்தார். புளியைக் கரைக்கப் போகவில்லை. அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி விரித்தார், மீனை அதன்மேல் வைத்தார், தையல் டேப்பைப் பக்கத்தில் நீட்டினார். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க பிடிச்சீய?" என்றார் மதினி.

"கண்மாய்ல."

"கண்மாய்ல எங்க?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருடம் போலீஸ்காரியோடு குடித்தனம் பண்ணியவர். எந்தக் கேள்விக்குப் பேசக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கசம் என்று சொன்னால் கரம்பை போய்விடும். மேற்கே பிடித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது, யாரும் மறுக்க முடியாது. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். மதினி மறுபடி கேட்டார். மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

இது இப்படியே போனால் திங்கட்கிழமை வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவரிடம் கேட்டால் வராது, சீண்டினால் வரும்.

"விடுங்க மதினி" என்றேன். "அண்ணனுக்கு வயசாயிட்டுல்லா. மேற்க முழங்காத் தண்ணியில எல்லாரும் கலக்கிவிட்டு, மூச்சு முட்டி மேல வந்த மீனைப் பொறுக்கிட்டு வந்திருப்பாக. வேற எங்க போகப் போறாக?"

அண்ணன் செம்பைக் கீழே வைத்தார்.

"என்னட்டி சொன்ன? பொறுக்கிட்டு வந்தேனா? கசத்துல, கழுத்தளவு தண்ணியில முங்கி, மரத்து வேருக்குள்ள கையை விட்டுப் பிடிச்சேன்டி. ஒருத்தன் ஊத்தா அங்க எட்டாது. இன்னும் ரெண்டு மூணு உள்ள கெடக்கு, கையில தட்டிட்டுப் போவுது. அம்புட்டுப் பேரும் கரையில நின்னு வாயப் பொளந்துட்டுப் பாத்தான், போய்க் கேளு!"

அதற்குள் மதினி கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதை மறைக்கவும் இல்லை. மதினி அரிவாள்மனையில் உட்கார்ந்து விராலின் வயிற்றைக் கீறினார். மஞ்சளாக, கட்டை விரல் தடிப்பில், இரண்டு கட்டி சினை. அதையும் செய்தித்தாளில் வைத்துப் படம் எடுத்தோம். அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே கல்லூரிப் பெண் கூப்பிட்டாள். போனுக்குள்ளேயே குதித்தாள்.

மதினி குழம்பு வைத்தார். சினையைத் தனியாக வறுத்து, அத்தனையையும் அண்ணன் தட்டில் வைத்தார். அண்ணன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கடைசியில், "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்ஜினியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கசத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டச் சொன்னார். அதற்குள் பொக்லைன் போகாது, தண்ணீரை இறைப்பதும் இல்லை என்று ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் சொல்லிவிட்டார். துணி கட்டினது மதினிதான். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

வேலை தொடங்கிய அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். கரையில் வரிசையாக டிராக்டர்கள். கரம்பை அள்ள வந்தவர்கள் சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டுப் பொங்கிவிட்டார்கள். நல்ல மண் முழுக்க இதற்குள்தானே கிடக்கிறது, இதை விட்டுவிட்டு மணலையா அள்ளிக்கொண்டு போக என்று ஒரே கூச்சல். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் களர் பிடிக்காத நிலம் கம்மி.

"படம் எந்தக் கண்மாய்லயும் எடுத்திருக்கலாம்லா" என்றார் ஒருவர். "கசத்துல மீனு இல்ல. வெறும் சேறு."

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளருக்கு எது நடந்தாலும் சரி, வேலை நிற்கக் கூடாது. இன்ஜினியரைப் போனில் பிடித்துப் பேசினார். பேசிவிட்டு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இங்க பாருங்க. கசத்துல மீன் இல்லன்னு, இந்தக் கண்மாய்த் தண்ணி பாயிற ஆயக்கட்டு விவசாயிங்க எல்லாரும் ஒண்ணாச் சொன்னா, சார் வந்து திரும்பப் பாக்கேன்னுட்டாரு. பாத்துட்டுத் தோண்டச் சொன்னா தோண்டிருவோம். ஒருத்தர் மாறிச் சொன்னாலும் கெடையாது."

இல்லை, இல்லை என்று வரிசையாகக் குரல் வந்தது. வந்துகொண்டே இருந்து, ஓர் இடத்தில் நின்றது. அண்ணன் தன் டிராக்டர் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். கசத்துக்கு எல்லோரையும் விடப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது அவர் டிராக்டர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

நான் மதினியைப் பார்த்தேன். அவர் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார். அண்ணன் பக்கமே திரும்பவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் இன்றைக்குச் சீண்டக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு உண்டு. பேசாமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் கசத்தைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"கசத்துல மீனு இல்லன்னு நான் எப்படியா சொல்ல? அதைத் தின்னவனே நான்தான. சினையோட தின்னேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கோபமாக நின்றவர்களில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் கூச்சலில் வலு இல்லை.

"அப்ப உங்களுக்குக் கரம்பை?" என்றார் மேற்பார்வையாளர்.

"மேற்க அள்ளிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் டிராக்டரில் ஏறினார். பின்பக்கமாக எடுத்து, திருப்பி, மேற்கே ஓட்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அவர் பின்னாலேயே போனார்கள்.

மேற்கே கிடைத்தது மணல்தான். அதையும் விடாமல் அள்ளி அடித்தார், எருவும் கலந்து பார்த்தார். வெள்ளை பூத்த பாதி அப்படியேதான் இருந்தது. அந்த வருடம் மற்றப் பாதியில் மட்டும் நட்டார். மதினியை ஒரு சொல் குறை சொல்லவில்லை. என்னோடு மட்டும் கொஞ்ச நாள் சரியாகப் பேசவில்லை. நான் போகும்போதெல்லாம் வயலில் ஏதாவது வேலை இருக்கும் அவருக்கு.

ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைந்தது. புது மடை ஒழுகாமல் நின்றது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மதினியும் கரையில் போய்க்கொண்டிருந்தோம். கசம் இருக்கிற இடத்தில், மரத்தடியில், தண்ணீர் ஒரு வட்டத்துக்கு மட்டும் உலை கொதிப்பது போலக் கொதித்தது. கிட்டப் போனால் சிவப்புச் சிவப்பாக விரால் குஞ்சுகள். அள்ள அள்ளக் குறையாத கூட்டம். அடியில் தாய் விரால் கறுப்பாக நின்று காவல் பார்த்தது. மதினி கரையிலிருந்தே வயலைப் பார்த்துக் கத்தினார். என்னவோ ஏதோ என்று அண்ணன் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இம்புட்டா?" என்றார்.

மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் படம் எடுத்தேன். இடம், நேரம், பெயர் எல்லாவற்றையும் போட்டாயிற்று. எண்ணிக்கையில் வந்து நின்றது. மதினி விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். கூட்டம் கலைந்தது, சேர்ந்தது, மறுபடி கலைந்தது. எண்ணி மாளவில்லை.

"எம்புட்டுன்னு போட?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"பாதி வயக்காடுன்னு போடு."